அடுத்த ஆளு

சூளையில அவனுக்குப் பேரு டாக்டர். படிச்சது மூணாவது. அதுலயும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருந்த மரத்து மேல உக்காந்துதான் படிச்சான். இப்ப செங்கல் அறுக்குற வேலை. குத்த வெச்சு உக்காந்து, மண்ண உருட்டி, அச்சுக்குள்ள அடிச்சு, வழிச்சு, கவுத்தா ஒரு கல்லு. அவன் அறுத்த கல்ல அடுக்கினா நிலாவுக்கே படிக்கட்டு கட்டலாம்னு பீத்திக்குவான்.

"இறங்கி வர்றதுக்கும் சேத்து அறுத்து வெச்சியா? இல்ல அங்கயே இருக்கப் போறியா?" அப்படின்னு தங்கச்சி கேப்பா.

அவளும் அதே சூளைதான். பச்சைக் கல்ல வெயில்ல திருப்பிப் போடுறது, காஞ்சத அடுக்குறது. அப்பா இல்லாத வீடு. அம்மா, அண்ணன், தங்கச்சி மூணு பேரும் ஒரே களத்துல வெந்துக்கிட்டு இருந்தாங்க. செங்கல்லாவது ஒரு தடவதான் வேகும்.

டாக்டர்னு பேரு வந்தது சூளையிலயே ஒரு ஓரமா இருந்த டிராக்டர் கொட்டாயில. பள்ளிக்கூடத்த பாதியில விட்ட பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சாயங்காலம் அங்க ஒரு வகுப்பு நடந்துச்சு. டவுன்லருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்து நடத்துச்சு. இவங்கள விட நாலஞ்சு வயசுதான் மூத்தது. வெறும் டீச்சர்னு கூப்பிடவும் மனசு வரல, வெறும் அக்கான்னு கூப்பிடவும் வாய் வரல, அதனால டீச்சரக்கா ஆயிடுச்சு.

முதல் நாள் "தெரிஞ்ச எழுத்து எதுவா இருந்தாலும் சிலேட்டுல எழுதுங்க"ன்னு அந்த அக்கா சொல்லிச்சு. கொட்டாய் மொத்தமும் ஒரே ரெண்டு எழுத்த எழுதிச்சு. அதுவும் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்டு. அக்கா சிலேட்ட சாய்ச்சுப் பாத்துச்சு, தலைய சாய்ச்சுப் பாத்துச்சு, கடைசியில ஆளே சாய்ஞ்சு உக்காந்துடுச்சு.

"ஒருத்தர் தப்பா எழுதினா பரவால்ல. எல்லாரும் எப்படி ஒரே மாதிரி தப்பா எழுதுறீங்க?"

விஷயம் என்னன்னா, கல்லு அறுக்குற அச்சுக்குள்ள சூளையோட ரெண்டு எழுத்து செதுக்கியிருக்கும். கல்லுல நேரா விழணும்னா அச்சுல திருப்பித்தான் இருக்கணும். பொறந்ததுலருந்து அச்சையே பாத்து வளந்த கூட்டம், அதுங்களுக்கு அதுதான் நேர் எழுத்து. அன்னைக்கு அக்கா சிரிச்ச சிரிப்புல கொட்டாய் தகரம் பறந்து பக்கத்து ஊர்ல விழுந்துச்சுன்னு டாக்டர் இன்னும் சொல்லுவான். சொல்லிட்டிருந்தான். இப்ப சொல்றதில்ல.

எழுத்து கொஞ்சம் நேரானதும் அக்கா இன்னொரு பாடம் ஆரம்பிச்சுச்சு. நடிச்சுப் பாக்குற பாடம். "பேங்குக்குப் போனா எப்படிப் பேசுவீங்க? ஸ்டேஷனுக்கு? ஆஸ்பத்திரிக்கு?"ன்னு கேட்டுச்சு. யாரும் வாயத் திறக்கல. சூளைக்குள்ள பேய் மாதிரி கத்துற பசங்க, வெள்ளச் சட்டை போட்ட ஆள பாத்தா அம்மாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. அம்மா அவங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. அப்புறம் வெள்ளச் சட்டைக்காரர் யாருகிட்டதான் பேசுறது?

"அதான் இங்கயே பழகிக்கலாம். ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் நோயாளி. யாரு டாக்டர்?"

நம்ம ஆளு எந்திரிச்சான். கை உடைஞ்ச நாற்காலி ஒண்ணு கிடந்துச்சு, இழுத்துப் போட்டு உக்காந்தான். மருந்து அடிக்கிற மெஷினோட ரப்பர் குழாய் ஒரு முழம் எடுத்து, நுனியில சோடா மூடிய செருகி, கழுத்துல மாட்டிக்கிட்டான். மேஸ்திரியோட வெள்ளச் சட்டைய கொடியிலருந்து உருவிப் போட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் அவன் முகமே மாறிப்போச்சு. அம்பது வருஷமா ஆள அறுத்த டாக்டர் மாதிரி ஒரு சலிப்பு.

"என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல் சார்."

"எத்தன நாளா?"

"ரெண்டு நாளா சார்."

"ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்த? காய்ச்சல வளத்துட்டிருந்தியா? அது என்ன ஆட்டுக்குட்டியா? நாக்க நீட்டு. போதும், உள்ள இழு, எனக்கே பயமா இருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பயம் வந்தா ஒண்ணு. ஏதாவது கேக்கணுமா அடுத்த ஆளு!"

கடைசி ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுவான். நடுவுல ஒரு ஈ பறக்க இடம் இருக்காது. சிரிச்சு சிரிச்சுப் பசங்க பாயில உருளுவாங்க.

அந்த இடுக்குலதான் பாடமே இருந்துச்சு. அடுத்த ஆளுன்னு அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நோயாளி கேக்க வேண்டியதக் கேட்டுடணும். இது என்ன நோவு, இந்த மாத்திரை எதுக்கு, எது நடந்தா உடனே திரும்பித் தூக்கிட்டு வரணும். "இந்தக் கடைசிக் கேள்விய மட்டும் மறக்கவே கூடாது. மத்தத மறந்தாலும் இத கேட்டுடுங்க"ன்னு அக்கா தலைப்பாடா அடிச்சுக்கும்.

தங்கச்சி முதல் தடவ நோயாளியா உக்காந்தப்ப வாயில பச்சை மண்ண அடைச்ச மாதிரி இருந்தா. சொந்த அண்ணன்தான், காலையில அவன் தலையில எண்ணெய் வெச்சு விட்டதே அவதான். ஆனாலும் அந்த வெள்ளச் சட்டைக்கு முன்னாடி பேச்சு வரல. மறுபடி உக்காந்தா, மறுபடி தோத்தா. வீட்டுல பாத்திரம் கழுவுறப்ப பானைகிட்ட கேட்டுப் பழகினா. "இது என்ன நோவு சார்?"ன்னு பானையக் கேப்பா. "அடுப்புல வெச்சு வெச்சு அதுக்கு மூல நோவு"ன்னு அண்ணன் தின்னுக்கிட்டே பதில் சொல்லுவான். கரண்டி பறந்து வரும்.

ஒரு நாள் கொட்டாயில, அவன் "அடுத்த..."ங்கும்போதே, அவ அந்த உடைஞ்ச நாற்காலிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

"இருங்க சார். அடுத்த ஆளு கொஞ்சம் நிக்கட்டும். நான் இன்னும் முடிக்கல."

கொட்டாயே எந்திரிச்சுக் கை தட்டிச்சு. அவனும் டாக்டர் வேஷத்த மறந்து தட்டினான். அன்னையிலருந்து அவதான் கேள்விக்கு ராணி. யாராவது நோயாளியா உக்காந்து கேக்க மறந்தா, பின்னாடியிருந்து நறுக்குன்னு ஒரு கிள்ளு விழும். எல்லாப் பசங்க கையிலயும் அவ கிள்ளின தழும்பு இருந்துச்சு.

"நீ ஒரு தடவ இந்தப் பக்கம் உக்காரேன்டா"ன்னு அக்கா அவனக் கேட்டுச்சு.

"டாக்டருக்கு எங்கயாவது காய்ச்சல் வருமாக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுடுச்சு.

முதல் மழை பெஞ்சு ஓஞ்ச நேரம். மண்ணு தோண்டின குழியெல்லாம் தண்ணி. கொசு ஒவ்வொண்ணும் கோழிக்குஞ்சு சைசு. பாதிச் சூளைக்குக் காய்ச்சல் வந்து போச்சு, எல்லாரும் போர்வையப் போத்திப் படுத்து எந்திரிச்சுட்டாங்க. தங்கச்சிக்கு வந்தது மட்டும் போகல. தொட்டா கல்லு வேகுற சூடு. மூணாவது நாள் அம்மாவும் அவனும் அவள பஸ்ல ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

அங்க நோயாளி கூட ஒருத்தர்தான் உள்ள போகலாம்னு சொல்லிட்டாங்க.

"நீ போடா. நீதான் வகுப்புல படிச்சவன். நான் போனா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்"னு அம்மா பெஞ்சுலயே உக்காந்துட்டா.

அவன் தங்கச்சியத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு உள்ள போனான். நாற்காலியில இருந்தது சின்ன வயசு டாக்டரு. கண்ணு செவந்து, ஷேவ் பண்ணாம, ரெண்டு நாளா வீட்டுக்குப் போகாத மூஞ்சி. பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்ல. அதுதான் அவனுக்குப் பயமா இருந்துச்சு.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"மூணு நாளா சார்."

ஆட்டுக்குட்டியான்னு கேக்கப் போறாருன்னு தலையக் குனிஞ்சான். அவரு கேக்கல. அவ கண்ண இழுத்துப் பாத்தாரு, வயித்த அமுக்கிப் பாத்தாரு, எழுதினாரு.

"கொசுவால வர்ற காய்ச்சல் மாதிரி தெரியுது. இந்த மாத்திரையக் குடுங்க. தண்ணி நிறைய குடிக்கட்டும்."

அப்புறம் பேனாவக் கீழ வெச்சாரு. நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்தாரு.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

கேட்டுட்டு, சும்மா இருந்தாரு. அவனுக்காக இருந்தாரு.

கொட்டாய் நாடகத்துல இந்த இடமே கிடையாதே! அவன் ஆடின ஆட்டத்துல இந்த இடத்துக்கு அப்புறம் அடுத்த ஆளுதான். மண்டைக்குள்ள தேடுறான், தேடுறான். நாக்க நீட்டு இருக்கு. பயம் வந்தா ஒண்ணு இருக்கு. டாக்டர் பேசுற பேச்சு அத்தனையும் வரிசை கட்டி நிக்குது. நோயாளி கேக்குற கேள்வி ஒண்ணு கூட இல்ல. நூறு தடவ அவன் காதுல விழுந்த கேள்விதான். ஒரு தடவ கூட அவன் வாயிலருந்து வந்ததில்ல.

அப்ப அவன் கையில ஒரு கிள்ளு விழுந்துச்சு.

எறும்பு கடிச்ச அளவு கூட இல்ல. விரல்ல சத்தே இல்ல. ஆனா அது என்ன கிள்ளுன்னு அவனுக்குத் தெரியும். திரும்பிப் பாத்தான். அவ உதடு காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிரிச்சு ஏதோ சொல்லப் பாக்குறா. அதுக்குள்ள இவன் எந்திரிச்சுட்டான். அவளையும் தூக்கிட்டான்.

"ஒண்ணுமில்லைங்க சார். சரிங்க சார். அடுத்த ஆளு காத்துட்டிருக்காங்க சார்."

வெளிய வந்ததும் அம்மா கேட்டா, "எல்லாம் கேட்டியாடா?"

"கேக்காம வருவேனா? டாக்டருக்கே டாக்டரும்மா நான்."

அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னா, என் பையன் உள்ள போயி டாக்டர்கிட்ட நேருக்கு நேரா பேசிட்டு வந்துட்டான்னு. திரும்பி வர்ற பஸ்ல தங்கச்சி அவன் தோள்ல சாஞ்சிருந்தா. "பொய்யி"ன்னு அவன் காதுல மட்டும் விழுற மாதிரி சொன்னா.

"என்ன பொய்யி?"

"டாக்டருக்கு டாக்டரப் பாத்துப் பயம்." லேசா சிரிச்சா. "உடம்பு சரியாகட்டும். வகுப்புல நான்தான் டாக்டரு, நீதான் நோயாளி. உன்ன என்ன பண்றேன் பாரு."

"சரி தாயே. உசுர மட்டும் விட்டு வெய்யி."

மறுநாள் விட்டு அதுக்கு மறுநாள் காலையில, அம்மா அவ நெத்தியில கைய வெச்சுப் பாத்துக் கத்தினா.

"விட்டுடுச்சுடா! காய்ச்சல் விட்டுடுச்சு!"

வீடே குதிச்சுது. அவன் ஓடி வந்து கையத் தொட்டுப் பாத்தான். சில்லுன்னு இருந்துச்சு. "ஐஸ் பொட்டி மாதிரி ஆயிட்டா பாரு! மாத்திரை வேலை செய்யுது"ன்னான். வயித்த வலிக்குதுன்னா அவ. நாலு நாளா ஒண்ணும் சாப்பிடலல்ல, வெறும் வயிறு, அதான்னு அம்மா சொன்னா. வாந்தி எடுத்தா. மாத்திரை சூடுன்னு சொல்லிக்கிட்டாங்க. அப்புறம் அவ கண்ண மூடிட்டா.

"தூங்கட்டும். பாவம், தூக்கம் இல்லாம கிடந்துச்சு"ன்னு அம்மா ரேடியோவ நிறுத்தினா. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கள வேற பக்கம் போயி விளையாடச் சொன்னா. அவன் கதவு சத்தம் போடாம இருக்க அத லேசா தூக்கிச் சாத்திட்டு, விரல் நுனியில நடந்து வேலைக்குப் போனான். அன்னைக்குச் சூளையில அவன் அடிச்ச கூத்துக்கு அளவே இல்ல. என் கைராசி, இனிமே காசு வாங்கிட்டுதான் வைத்தியம்னான்.

மத்தியானம் அம்மா களத்துக்கு ஓடி வந்தா. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குறாளாம்.

மண்ணு ஏத்துற டிராக்டர்லதான் கொண்டு போனாங்க. அதே டாக்டரு ஓடி வந்தாரு. டாக்டர் ஓடி அவன் பாத்ததில்ல. அவன் நாடகத்துல டாக்டர் நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டாரு.

"வயித்து வலி எப்பத்துலருந்து?"

"காலையிலருந்து சார். காய்ச்சல்தான் விட்டுடுச்சே சார்."

அவரு ஒரு நிமிஷம் கண்ண மூடினாரு. "இந்தக் காய்ச்சல் விடுற அன்னைக்குத்தான் ஆபத்தே. வயித்து வலியும், கை கால் சில்லுன்னு ஆகுறதும் வந்தா உடனே தூக்கிட்டு வரணும்"னு மெதுவா சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அவன் கேக்காத கேள்விக்குப் பதில் வந்து சேந்துடுச்சு. பொழுது சாயுற நேரம் தங்கச்சி போயிட்டா.

துக்கம் கேக்க வந்த எல்லார்கிட்டயும் அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நாங்க ஒண்ணும் குறை வெக்கல. எம்புள்ள டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டுட்டுதான் வந்தான். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல." அவ இதச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் அவன் குடத்தத் தூக்கிட்டு அடிபம்புக்குப் போயிடுவான். வீட்டுல குடம், அண்டா, சட்டி, சொம்பு எல்லாம் தளும்பி நிக்கும். ரெண்டு பேரு இருக்குற வீட்டுக்கு எதுக்குடா இவ்வளவு தண்ணி, கப்பல் விடப் போறியான்னு மேஸ்திரி கூட கேட்டாரு. பதில் சொல்லாத டாக்டர சூளை அப்பதான் முதல் தடவ பாத்துச்சு.

வகுப்புக்கும் போகல. அந்தக் குழாய் கொட்டாய் ஆணியிலயே தொங்கிட்டிருந்துச்சு. ஒரு நாள் டீச்சரக்கா களத்துக்கே வந்துச்சு. அவன் அறுத்துக்கிட்டே இருந்தான். அக்காவும் புடவையச் சுருட்டிக்கிட்டு எதிர்ல குத்த வெச்சு உக்காந்துச்சு.

"அவரு கேட்டாருக்கா"ன்னான் அவன், தலையத் தூக்காம. "நம்ம நாடகம் மாதிரி இல்ல. பேனாவக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. இருந்தாருக்கா, எனக்காக."

அக்காவுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் வாயப் பொத்திக்கிச்சு.

"உன்ன நான் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் உக்கார வெச்சிருக்கணும்டா."

"நான் உக்காந்திருக்க மாட்டேன்க்கா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் அச்சக் கவுத்தான். கல்லு உடைஞ்சு வந்துச்சு. பொறந்ததுலருந்து அவன் உடைச்ச முதல் கல்லுன்னு சொன்னா அது என் வாய்க்கொழுப்பு. ஆனா அத அவன் திரும்ப உருட்டல. அப்படியே பாத்துட்டு உக்காந்திருந்தான்.

மழை முழுசா முடிஞ்சு சூளை மறுபடி பத்திக்கிட்டப்ப, ஒரு சாயங்காலம் அவனே கொட்டாய்க்கு வந்தான். பசங்க அவனப் பாத்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம அந்தக் குழாய எடுத்து நீட்டினாங்க. வாங்கி மாட்டிக்கிட்டான். வெள்ளச் சட்டை வேண்டாம்னுட்டான்.

நோயாளியா உக்காந்தது புதுசா வந்த ஒரு சின்னப் பொண்ணு. தரையைப் பாத்தே பேசினா.

"காய்ச்சல் சார்."

அவன் ஆட்டுக்குட்டின்னு சொல்லுவான்னு பசங்க வாயப் பொத்தி ரெடியா இருந்தாங்க. அவன் சொல்லல. மாத்திரை எழுதுற மாதிரி கைய ஆட்டிட்டு, கையக் கீழ வெச்சான்.

"ஏதாவது கேக்கணுமா?"

அப்புறம் சும்மா இருந்தான்.

அந்தப் பொண்ணு தலைய ஆட்டிட்டு எந்திரிக்கப் போச்சு. "உக்காரு"ன்னான். பின்னாடி ரெண்டு பசங்க சிரிச்சாங்க. புது காமெடின்னு நினைச்சாங்க. அவன் நகரவே இல்ல. சிரிப்பு அடங்குச்சு. வெளிய ஒரு லாரி கல்லு ஏத்திட்டுப் போச்சு, அந்தச் சத்தமும் அடங்குச்சு. அவன் இருந்தான்.

"கேளும்மா. நான் எங்கயும் போகல."

அந்தப் பொண்ணு தரையிலருந்து கண்ண எடுத்துச்சு. "எது... எது நடந்தா உடனே திரும்பி வரணும் சார்?"

"காய்ச்சல் விடும். விட்டதும் எல்லாரும் சந்தோஷப்படுவீங்க. அப்ப வயித்த வலிச்சா, வாந்தி எடுத்தா, கை கால் சில்லுன்னு ஆனா, சோந்து சோந்து படுத்தா, தூங்கட்டும்னு விடாதீங்க. ரேடியோவ நிறுத்தாதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க. எந்த வண்டி கிடைச்சாலும்."

டீச்சரக்கா அவன் மூஞ்சியப் பாக்கல. வாசல் பக்கம் பாத்துட்டிருந்துச்சு. அங்க அவன் அம்மா நின்னுட்டிருந்தா. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவ, எவ்வளவு நேரமா நிக்கிறாளோ.

ரெண்டு பேரும் களத்து ஓரமா வீட்டுக்கு நடந்தாங்க. பாதி வழியில அம்மா கேட்டா.

"இப்ப சொன்னியே. இத அந்த முதல் நாளே அவரு உன்கிட்ட சொன்னாராடா?"

"இல்லம்மா. ஏதாவது கேக்கணுமான்னு கேட்டாரு. நான் கேக்கல."

அம்மா நிக்கல. நடையும் மாறல. அடிக்கவும் இல்ல, அணைக்கவும் இல்ல. வீடு வந்ததும் சோத்தப் போட்டா. அவனுக்குப் போட்டுட்டு, தனக்கும் போட்டுக்கிட்டு, சாப்பிடாம தட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தா. அவனும் சாப்பிடல.

அதுக்கப்புறம் அம்மா யார்கிட்டயும் அந்த வார்த்தைய சொல்லல. எம்புள்ள எல்லாம் கேட்டுட்டுதான் வந்தான்னு அவ வாயிலருந்து மறுபடி வரவே இல்ல. யாராவது பேச்செடுத்தா, காய்ச்சல் வந்துச்சு, போயிட்டா அப்படின்னு அதோட நிறுத்திக்குவா. அவனும் குடத்தத் தூக்கிட்டு ஓடுறத விட்டுட்டான். அந்த வீட்டு அண்டாவுல இப்ப ரெண்டு பேருக்கு வேண்டிய தண்ணி மட்டும்தான் இருக்கு.